ஐந்து வயது மகனுக்குத் திடீர் இரத்தக்கசிவு: லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் இருக்கிறது, புரோத்ரோம்பின் குறைந்திருக்கிறது என்கிறார்கள்

கேள்வி: தஞ்சைத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு ஐந்து வயது ஆகிறது. சென்ற மாதம் அவனுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. இரண்டு கண்களும் சிவந்து பீளை தள்ளின. அப்போது எங்கள் தெருவில் பல குழந்தைகளுக்கு மெட்ராஸ் ஐ இருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் அவன் முதுகிலும் கணுக்காலுக்கு மேலும் அடிபடாமலே நீலத் திட்டுகள் தோன்றின. ஒரு நாள் மாலையில் தொடங்கிய மூக்கு இரத்தம் இரவு வரை நிற்கவில்லை. மறுநாள் சிறுநீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் வந்தது.

முதலில் பார்த்த மருத்துவமனையில் எடுத்த சோதனையில் இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி 24 வினாடி (ஒப்பீட்டு அளவு 13), அதை வேறு முறையில் அளக்கும் ஏபிடிடி 92 வினாடி (ஒப்பீட்டு அளவு 30), தட்டணுக்கள் 2,60,000, ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் 290, ஹீமோகுளோபின் 8.4 என்று இருந்தன. கல்லீரல் சோதனைகள் இயல்பாக இருந்தன. வைட்டமின் கே ஊசி போட்டுப் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். அன்று கசிவு நின்றது; மறுநாளே திரும்ப வந்தது. பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோம். அங்கே லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் இருப்பதாகவும், இரத்தம் உறைய உதவும் காரணிகளில் இரண்டாம் காரணியான புரோத்ரோம்பின் 9 விழுக்காடுதான் இருப்பதாகவும், ஏழாம், பத்தாம் காரணிகள் ஏறக்குறைய இயல்பாக இருப்பதாகவும் கூறி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயைத் தேடும் ஏஎன்ஏ சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை.

இணையத்தில் தேடினால் லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் என்பது இரத்தத்தை உறையவைத்துக் கட்டிகளை உண்டாக்கும் என்று எழுதியிருக்கிறது. என் மகனுக்கோ இரத்தம் உறையவே மறுக்கிறது. இது எப்படிப் பொருந்தும்? அவனுக்கு லூபஸ் நோய் என்று கொள்ள வேண்டுமா? நானும் என் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள் உறவு. அதனால் வந்த பரம்பரை நோய் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அவளை வருத்துகிறார்கள். வீட்டில் எலி மருந்து வைத்திருந்ததால் அவன் அதைத் தின்றிருப்பானோ என்ற அச்சமும் எங்களுக்கு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கீரைத்தோட்டம்

ஐயா, இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை என்று படித்திருக்கிறேன். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் நாள்தோறும் கொடுத்துப் பாருங்கள். மாத்திரையின் தேவை இல்லாமலே சரியாகிவிடக்கூடும்.

மறுமொழி 2: ஆய்வகத்திலிருந்து

நான் உறைதல் சோதனைகள் செய்யும் ஆய்வகத்தில் பணியாற்றுபவன், மருத்துவன் அல்லன். எனவே சோதனைகள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி மருத்துவம் படிப்பவர்களையும் குழப்புவது. 1952ஆம் ஆண்டில் கான்லி, ஹார்ட்மன் என்ற இருவர் லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் உறைதலைத் தாமதப்படுத்தும் ஒரு பொருளை விவரித்தார்கள். 1972இல் அதற்கு லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் என்ற பெயர் அமைந்தது. அது ஒரு வகை எதிர்ப்பொருள். சோதனைக் குழாயில் உறைதல் நடப்பதற்காக நாங்கள் சேர்க்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளை அது பிடித்துக்கொள்வதால் ஏபிடிடி நீள்கிறது. உடலுக்குள் நிலைமை வேறு. அங்கே அதனால் கசிவு ஏற்படுவதில்லை, சிலருக்கு உறைகட்டிதான் ஏற்படுகிறது. டான்சில் அறுவைக்கு முன் எடுக்கும் சோதனையில் ஏபிடிடி மட்டும் நீண்டிருப்பதாகக் கண்டு எங்களிடம் அனுப்பப்படும் குழந்தைகளில் பலருக்குச் சளிக் காய்ச்சலுக்குப் பின் வந்த இந்த எதிர்ப்பொருள்தான் காரணமாக இருக்கும். அவர்களுக்குக் கசிவும் இராது, கட்டியும் இராது. சில வாரங்களில் தானே மறைந்துவிடும்.

உங்கள் மகனின் முடிவில் என் கண்ணில் முதலில் படுவது ஏபிடிடி அன்று, பிடிதான். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் மட்டும் இருந்தால் பிடி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அது 24 வினாடியாக நீண்டு, குழந்தைக்குக் கசிவும் இருக்குமானால், இரண்டாம் காரணியை அளந்தே ஆக வேண்டும். உங்கள் பெரிய மருத்துவமனை அதைத்தான் செய்திருக்கிறது. 9 விழுக்காடு என்பது மூக்கிலும் சிறுநீரிலும் இரத்தம் வருவதற்குப் போதுமான குறைவு.

கலவைச் சோதனை என்று ஒன்றைச் செய்திருப்பார்கள். நோயாளியின் பிளாஸ்மாவுடன் நலமான ஒருவரின் பிளாஸ்மாவைச் சரிபாதியாகக் கலந்து மீண்டும் நேரம் பார்ப்பது அது. ஏதேனும் ஒரு காரணி வெறுமனே குறைந்திருந்தால், கலந்தவுடன் நேரம் இயல்புக்குத் திரும்பும். தடுக்கும் எதிர்ப்பொருள் இருந்தால் திரும்பாது. உங்கள் மகனுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் நிலையில் ஏபிடிடி திருந்தாமலும் பிடி ஓரளவேனும் திருந்தியும் வருவது வழக்கம். ஒரே குழந்தையின் இரத்தத்தில் இவ்விரண்டும் சேர்ந்து வருவது ஆய்வகத்தில் இருப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

எலி மருந்தைப் பற்றி: புரோமாடியோலோன் போன்ற எலி மருந்துகள் வைட்டமின் கே செயல்படுவதைத் தடுப்பதால், அதை நம்பியிருக்கும் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய நான்கு காரணிகளும் சேர்ந்தே இறங்கும், மிகக் குறுகிய ஆயுள் கொண்ட ஏழாம் காரணி முதலில் இறங்கும். கலவைச் சோதனையும் முழுமையாகத் திருந்திவிடும். உங்கள் மகனுக்கு ஏழும் பத்தும் இயல்பாக இருக்க, இரண்டு மட்டும் விழுந்திருப்பதால் அந்த அச்சத்தை நீங்கள் விட்டுவிடலாம். எலி மருந்தை வீட்டில் எட்டாத இடத்துக்கு மாற்றுவது தனி வேலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வலிமையான லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் இருக்கும் மாதிரியில் எட்டு, ஒன்பது, பதினொன்றாம் காரணிகள் உண்மையில் இயல்பாக இருந்தும் குறைந்திருப்பதுபோல் அளவீட்டில் தோன்றும். மாதிரியை மேலும் மேலும் நீர்த்து அளந்தால் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். புரோத்ரோம்பின் உண்மையாகவே குறைந்திருந்தால் எவ்வளவு நீர்த்தாலும் குறைவாகவே நிற்கும். உங்கள் கோப்பில் வேறு ஏதேனும் காரணி குறைவென்று கண்டால், ஹீமோபிலியா என்று நீங்களாக முடிவு கட்டாமல் இதைக் கேளுங்கள். இனி இரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாயில் குறியிட்ட கோடு வரை இரத்தம் நிறைகிறதா என்றும் பாருங்கள். குழாயில் உள்ள, உறைதலைத் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு இருக்க வேண்டும். அரைக் குழாய் அனுப்பினால் இல்லாத நோயையும் அது காட்டும்.

மறுமொழி 3: குழந்தை இரத்தவியல் மருத்துவர்

ஆய்வக நண்பர் பாதி வேலையை முடித்துவிட்டார். குழந்தையை நேரில் பாராமல் எழுதுவதால், சிகிச்சையின் அளவையும் காலத்தையும் உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன்.

நீங்கள் விவரிப்பது லூபஸ் ஆன்டிகோயகுலன்ட்டோடு புரோத்ரோம்பின் குறைவும் சேர்ந்து வரும் ஓர் அரிய நோய்த்தொகுப்பு. ராப்பபோர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1960இல் இதை லூபஸ் நோயில் விவரித்தார்கள். அதன் காரணம் 1983இல்தான் தெளிவாயிற்று. குழந்தையின் உடல் புரோத்ரோம்பினுக்கு எதிராகவும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் புரோத்ரோம்பினின் வேலையைத் தடுப்பதில்லை. அதனோடு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய இரண்டையும் உடல் சேர்த்து இரத்தத்திலிருந்து அகற்றிவிடுகிறது. கல்லீரல் புரோத்ரோம்பினைக் குறைவின்றி உண்டாக்கியபடியே இருக்கிறது. அது இரத்தத்தில் தங்குவதற்குள் போய்விடுகிறது.

இதை மனத்தில் கொண்டால் முதல் மருத்துவமனையில் நடந்ததும் விளங்கும். புரோத்ரோம்பின் இயல்பாக இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். பிளாஸ்மாவில் ஏற்றிய புரோத்ரோம்பின் ஒரே நாளில் மறைந்ததென்றால் அதை ஏதோ ஒன்று அகற்றுகிறது என்று பொருள். எலி மருந்து, மஞ்சள் காமாலை, நெடுநாள் ஆன்டிபயாடிக் ஆகியவற்றை முதலில் எண்ணி வைட்டமின் கே கொடுப்பது சரியான செயலே. நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதற்குப் பலன் இல்லாதபோது அதையே திரும்பத் திரும்பக் கொடுக்காமல், காரணிகளை அளக்கும் இடத்துக்கு அனுப்பியது நல்ல முடிவு. கீரையைப் பற்றி எழுதிய நண்பருக்கும் இதுவே மறுமொழி: கீரை நல்ல உணவு, குழந்தை விரும்பினால் உண்ணட்டும், ஆனால் இங்கே குறைவது வைட்டமின் கே அன்று. கீரையை நம்பி மாத்திரையை நிறுத்தினால் மூளைக்குள் கசிவு ஏற்படும் இடர் இருக்கிறது. தயவுசெய்து அந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம்.

லூபஸ் நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். குழந்தைகளிடம் இத்தொகுப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருவது. சின்னக் குழந்தைகளிடம் இதுவே அதிகம், அடினோவைரஸ் இதில் நன்கு அறியப்பட்ட காரணம். காய்ச்சல், தொண்டை வலி, சிவந்த கண் மூன்றும் ஒன்றாக வருவது அடினோவைரஸின் முகம். நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்லும் கண்நோயும் பெரும்பாலும் அதனால்தான் பரவுகிறது. மற்றொன்று லூபஸ் நோயின் பகுதியாக வருவது. பெரும்பாலும் வளர்ந்த சிறுமிகளிடம் காண்கிறோம், சில வேளைகளில் கசிவே லூபஸின் முதல் அடையாளமாக அமைவதும் உண்டு. உங்கள் மகனின் வயதும் கதையும் முதல் வழியையே காட்டுகின்றன. ஆனாலும் ஏஎன்ஏ, இரட்டை இழை டிஎன்ஏ எதிர்ப்பொருள், சி3, சி4 என்ற எதிர்ப்பாற்றல் புரதங்கள், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பாராமல் லூபஸ் இல்லை என்று எழுத நான் துணியமாட்டேன். எதிர்ப்பொருளின் பெயரில் லூபஸ் இருப்பதால் மட்டும் குழந்தைக்கு லூபஸ் ஆகிவிடாது என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியை வருத்தும் பேச்சு நிற்க வேண்டும். பிறவியிலேயே புரோத்ரோம்பின் குறையும் நோய் ஒன்று உண்டு. அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது, உறவுத் திருமணத்தில் அதன் வாய்ப்புக் கூடுவது உண்மை. ஆனால் அது 20,00,000 பேரில் ஒருவருக்கு வரும் அளவுக்கு அரியது. அதில் லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் இராது, ஏற்றிய பிளாஸ்மாவும் ஒரே நாளில் மறையாது. மேலும் ஒன்று கேட்கிறேன்: தொப்புள்கொடி விழுந்தபோதும், காது குத்தியபோதும், விழுந்து உதடு கிழிந்தபோதும் அவனுக்கு இரத்தம் இயல்பாக நின்றதா? நின்றிருந்தால் இது பிறவியில் வந்ததன்று. இது தாயாலும் வந்ததன்று, தந்தையாலும் வந்ததன்று.

சிகிச்சையில் ஸ்டீராய்டுதான் முதல் படி, ஏனெனில் எதிர்ப்பொருள் உண்டாவதைக் குறைத்தால்தான் புரோத்ரோம்பின் தங்கும். வைரஸுக்குப் பின் வந்து, கசிவு இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருந்தால் மருந்தின்றிக் காத்திருப்பதும் உண்டு. ஹீமோகுளோபின் 8.4க்கு இறங்கிச் சிறுநீரிலும் இரத்தம் வந்த குழந்தைக்குக் காத்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஸ்டீராய்டுக்குப் போதிய பலன் இல்லாவிட்டால் இம்யூனோகுளோபுலின், அதன்பின் ரிட்டுக்சிமாப் என்று வழிகள் உள்ளன.

இதற்கிடையில் இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். காய்ச்சலுக்கு மெஃபெனமிக் அமில மருந்தை வீட்டில் வைத்திருப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன், பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி வேண்டாம். தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான உறக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தஞ்சைத் தந்தை

மிக்க நன்றி, மருத்துவர் அவர்களே. அவனுக்கு மூன்று வயதில் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம்; ஒரு துளியோடு நின்றது. இதை என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். ஏஎன்ஏ இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. சி3, சி4 இயல்பு. மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் தெளிந்துவிட்டது, புதிய திட்டுகள் இல்லை. புரோத்ரோம்பின் 31 ஆக ஏறியிருக்கிறது. ஆனால் மருத்துவர் இப்போது காலில் வீக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கசிவு நின்ற பிறகு இது எதற்கு என்று புரியவில்லை. ஐந்து வயதுக்கான தடுப்பூசியும் போட வேண்டியிருக்கிறது. அதைப் பற்றியும் கூறுங்கள்.

மறுமொழி 4: ஒரு தாய்

சகோதரரே, அந்தக் கேள்விக்கு என் மகளின் நோயிலிருந்து விடை சொல்ல முடியும். அவள் எட்டாம் வகுப்பில் படித்தபோது மாதவிடாய் இரத்தம் நிற்காமல் போய் இதே நோய்த்தொகுப்பு கண்டறியப்பட்டது. அவளுக்கு லூபஸ் நோயும் இருந்தது. ஸ்டீராய்டில் கசிவு நின்று, எண்கள் ஏறி, நாங்கள் நிம்மதியடைந்த நேரத்தில் அவளுடைய இடக்கால் வீங்கியது. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தது. புரோத்ரோம்பின் குறைந்திருந்தவரை அதுவே கட்டி உண்டாகாமல் தடுத்துக்கொண்டிருந்தது என்றும், அது ஏறியதும் லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் தன் இயல்பைக் காட்டிவிட்டது என்றும் மருத்துவர் விளக்கினார். சில வாரங்களுக்கு முன் இரத்தம் நிற்க மருந்து கொடுத்த அதே குழந்தைக்கு உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட வேண்டியதாயிற்று. அதை உறவினருக்குப் புரியவைப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

உங்கள் மகனுக்கு அப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு லூபஸ் இல்லை. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். என் மகளுக்கு அளவு குறையும்போது ஒரு முறை புரோத்ரோம்பின் மீண்டும் இறங்கியது. அசத்தயோபிரினும் ஹைட்ராக்சிகுளோரோகுவினும் சேர்த்த பிறகே நிலைப்பட்டது. இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பரிசோதனைகள் தொடர்கின்றன.

மறுமொழி 5: குழந்தை இரத்தவியல் மருத்துவர்

அம்மையார் எழுதியது சரி. இக்காரணத்தால்தான் கசிவுக்கு அடர்த்தியான புரோத்ரோம்பின் தொகுப்பு மருந்துகளை உயிருக்கு ஆபத்தான கசிவின்போது மட்டும், தயங்கித் தயங்கிப் பயன்படுத்துகிறோம். வைரஸுக்குப் பின் வந்த குழந்தைகளிடம் கட்டி உண்டாவது குறைவு. என்றாலும் எண்கள் ஏறும் காலத்தில் கால், மூச்சு, தலைவலி மூன்றையும் கவனிக்கச் சொல்வது வழக்கம். அவனைப் படுக்கையிலேயே வைக்காதீர்கள். நடக்கட்டும், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். மிதிவண்டியும் மரம் ஏறுவதும் எண்கள் இயல்பாகும் வரை வேண்டாம்.

இத்திரியைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒன்று. எதிர்ப்பொருளால் வரும் கசிவு எல்லாம் இதே நோய் அன்று. ஏபிடிடி மட்டும் நீண்டு, பிடி இயல்பாக இருந்து, தோலுக்கடியிலும் தசையிலும் பெரிய கசிவு இருந்தால் எட்டாம் காரணியை அளக்க வேண்டும். பிறவி ஹீமோபிலியா இல்லாத குழந்தைக்கும் அதற்கெதிரான எதிர்ப்பொருள் மிக அரிதாக வரும், அந்த எதிர்ப்பொருள் தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியாகப் பச்சிளங்குழந்தைக்குச் சென்றதும் உண்டு. அந்த நோயில் சிகிச்சையே வேறு. இன்னொன்று, கசிவுபோலத் தோன்றி ஏமாற்றுவது: சின்னம்மை வந்து ஆறும் காலத்தில் தொடையிலோ காலிலோ நீலத் திட்டு தோன்றி, சில மணி நேரத்தில் பரவிக் கறுத்தால், அது உறைதலைக் கட்டுப்படுத்தும் புரத எஸ் என்ற பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருளால் தோலின் நுண்குழாய்களில் இரத்தம் உறைவதாக இருக்கலாம். அதற்கு வேப்பிலையும் காத்திருப்பும் உதவா. அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்பூசி: ஐந்து வயதில் போடும் டிபிடி ஊக்கத் தவணை தசையில் போடப்படுவது. புரோத்ரோம்பின் இயல்புக்கு அருகில் வரும் வரை அதைத் தள்ளிவையுங்கள். பின்னர் மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிடங்கள் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தட்டம்மை வகைத் தடுப்பூசி நிலுவையில் இருந்தால், அதிக அளவு ஸ்டீராய்டை இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்த குழந்தைக்கு, நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் கொடுக்க நேர்ந்தால் அளவைப் பொறுத்து 8 முதல் 11 மாதம் வரை தள்ளிப்போகும். ஸ்டீராய்டு எடுக்கும்போது வீட்டில் யாருக்கேனும் சின்னம்மை வந்தால் கொப்புளம் வரக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லூபஸ் ஆன்டிகோயகுலன்ட்டை 12 வாரங்களுக்குப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். அப்போது மறைந்திருந்தால் அது வைரஸின் எச்சம்தான் என்று கொள்ளலாம். மறையாமல் நின்றால் தொடர்ந்து கவனிக்க வேண்டிய நிலை. அதுவரை பல் பிடுங்குவது உட்பட எந்தச் சிறு அறுவைக்கும் இரத்தவியல் துறையின் கடிதம் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். 9 விழுக்காடு என்று வந்த முதல் அறிக்கையின் நகலை அவனுடைய தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

தஞ்சைத் தந்தை

நன்றி. நகல் எடுத்து அட்டையில் வைத்துவிட்டேன். 12 வாரச் சோதனையின் முடிவை இதே திரியில் பதிவு செய்கிறேன்.